ஓட்டுப் போடும் முன்பே பந்தயப் பணம் கொடுத்தார்களாமே? ஸ்காட்லாந்து 2014, அரைக் கிலோ வர்க்கி

கட்டபெட்டுக்காரன்

நேற்று சாயங்காலம் கோத்தகிரி பஸ் ஸ்டாண்டு பக்கத்து டீக்கடையில் ஆரம்பித்த சண்டை. வெளியே பனி இறங்கிவிட்டது, பஸ் வரவில்லை. இப்படி நாலு பேர் மாட்டிக்கொண்டால் பேச்சு எங்கே வேண்டுமானாலும் போகும். கருத்துக்கணிப்பை நம்பலாமா என்று தொடங்கி ஸ்காட்லாந்துக்குப் போய்விட்டது.

சித்தப்பா சொல்வது இது. 2014-ல் ஸ்காட்லாந்து பிரிட்டனை விட்டுப் பிரிந்து தனி நாடாக வேண்டுமா என்று வாக்கெடுப்பு வைத்தபோது, ஓட்டுப்பதிவுக்கு முன்பே ஒரு பந்தயக் கம்பெனி ‘வேண்டாம்’ பக்கம் கட்டியவர்களுக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டதாம். “முடிவு தெரியாம எவன்டா கைக்காசை எடுத்துக் கொடுப்பான்? எல்லாம் முன்னாடியே பேசி முடிச்சது” என்கிறார். அப்படி ஒரு கம்பெனி கொடுத்திருக்கவே முடியாது, வாட்ஸ்அப் கதை என்றேன் நான். அரைக் கிலோ வர்க்கி பந்தயம்.

தெரிந்தவர்கள் சொல்லுங்கள். கொடுத்தார்களா? கொடுத்திருந்தால் ஏன்?

ரன்னிமேடு

கொடுத்தார்கள் தம்பி. வர்க்கிக்குக் காசு எடுத்து வையுங்கள்.

பெட்ஃபேர் என்ற கம்பெனி. வாக்கெடுப்பு 2014 செப்டம்பர் 18. அதற்கு முன்பே ‘வேண்டாம்’ பக்கத்துக்குப் பணம் பட்டுவாடா செய்துவிட்டார்கள். கடைசி முடிவு ‘வேண்டாம்’ 55.3 சதவீதம், ‘ஆம்’ 44.7.

ஆனால் சித்தப்பா சொல்லும் காரணம் சரியில்லை. 2016 அமெரிக்கத் தேர்தலில் பேடி பவர் என்ற இன்னொரு கம்பெனி இதே வேலையைச் செய்தது. ஹிலாரி கிளின்டன் ஜெயித்தாச்சு என்று ஓட்டுப்பதிவுக்கு மூன்று வாரம் முன்பே 10 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்தது. ஜெயித்தது யார் என்று எல்லோருக்கும் தெரியும். முன்கூட்டியே தெரிந்தவன் செய்கிற வேலையா இது? ‘கம்பெனி முன்கூட்டியே பணம் கொடுத்தது’ என்று அத்தனை பத்திரிகையிலும் செய்தி வருமே, அந்த இடத்துக்கு விளம்பரம் வாங்க எவ்வளவு ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

பனிக்கூடு

அண்ணா, விளம்பரம் என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் செப்டம்பர் 7-ஆம் தேதி வந்த யூகவ் என்ற கணிப்பு நிறுவனத்தின் கருத்துக்கணிப்பில் ‘ஆம்’ 51, ‘வேண்டாம்’ 49 அல்லவா? திங்கட்கிழமை பவுண்டு மதிப்பு பத்து மாதத்தில் இல்லாத அளவுக்கு விழுந்தது. பிரதமர் கேமரன், எதிர்க்கட்சித் தலைவர் மிலிபாண்ட், துணைப் பிரதமர் கிளெக் மூன்று பேரும் நாடாளுமன்றத்தில் கேள்வி நேரத்தை விட்டுவிட்டு ஸ்காட்லாந்துக்கு ஓடினார்கள். லண்டனே அலறிக்கொண்டிருந்தபோது பந்தயக்காரனுக்கு மட்டும் எப்படி அந்தத் தைரியம்? அப்போதும் பந்தய ரேட்டில் ‘வேண்டாம்’தானே முன்னால் இருந்தது? என் கேள்வி அதுதான். வர்க்கி யாருக்குப் போனால் எனக்கென்ன.

குன்னூர் ஏலக்கூடம்

பனிக்கூடு கேட்டது நல்ல கேள்வி. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இருபது வருடமாகத் தேயிலை ஏலத்தின் ஓரத்திலேயே பிழைப்பு. இந்த விஷயம் எனக்கு அங்கிருந்துதான் புரியும்.

முதலில் அந்த 51. ‘இன்னும் முடிவு செய்யவில்லை’ என்றவர்களைக் கழித்துவிட்டுப் போட்ட கணக்கு அது. கழிக்காமல் பார்த்தால் 47-க்கு 45. மிச்ச எட்டுப் பேர் எந்தப் பக்கம் என்பதில்தான் மொத்தக் கதையும். அதுவும் இரண்டு வருடத்தில் வந்த எத்தனையோ கணிப்புகளில் ‘ஆம்’ முந்தியவை விரல் விட்டு எண்ணக்கூடியவை. ஒரு வாரம் ஏலத்தில் ஒரு லாட் தேயிலையின் விலை எகிறிவிட்டது என்பதற்காகச் சீசனே எகிறிவிட்டது என்று எவரும் கொழுந்து விலையைக் கூட்டிக் கொடுப்பதில்லை.

அடுத்தது ரேட். ‘வேண்டாம்’ பக்கம் நாலு ரூபாய் கட்டினால் ஒரு ரூபாய் லாபம் என்றால், நூற்றுக்கு எண்பது அது நடக்கும் என்று சந்தை நினைக்கிறது என்று அர்த்தம். ‘வேண்டாம்’ 80 சதவீத ஓட்டு வாங்கும் என்று அர்த்தம் இல்லை. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாத ஆளை நான் அதிகம் பார்த்ததில்லை. இன்னொன்று, இரண்டு பக்கத்து ரேட்டையும் இப்படி மாற்றிக் கூட்டினால் நூறு வராது, 105, 106 என்று வரும். நூறுக்கு மேலே நிற்பது கடைக்காரன் கூலி.

இனி முக்கியமான சங்கதி. 2014-ல் பந்தயச் சீட்டுகளை எண்ணினால் அதிகம் ‘ஆம்’ பக்கம். பணத்தை எண்ணினால் அதிகம் ‘வேண்டாம்’ பக்கம். ஐந்து பவுண்டு, பத்து பவுண்டு கட்டியவர்கள் ஆசையைக் கட்டினார்கள். பெரிய தொகை கட்டியவர்களுக்கு அது வட்டிக் கணக்கு. வில்லியம் ஹில் கம்பெனியில் ஒரே ஆள் ‘வேண்டாம்’ மேல் 9 லட்சம் பவுண்டு கட்டினார். மூன்று தவணையாக, ஒவ்வொரு தடவையும் வேறு ரேட். கிடைத்த லாபம் 1,93,333 பவுண்டு. ஸ்காட்லாந்து தனியாகப் போனால் என்ன போகாவிட்டால் என்ன, அவருக்கு அது 21 சதவீத வருமானம்.

எங்கள் ஊரில் ஒரு விவசாயியை நிறுத்தி ‘அடுத்த மாசம் பச்சைத் தேயிலை கிலோ என்ன விலை போகும்?’ என்று கேட்டுப் பாருங்கள். ஏறும் என்பார். ஏறத்தான் வேண்டும், வீட்டில் கல்யாணம் இருக்கும். அதே கேள்வியை ஏலத்தில் கேட்கும் ஆளிடம் கேட்டால் பதிலே வராது, சிரிப்பார். ஆனால் அவர் எந்த விலையில் கையைக் கீழே இறக்குகிறார் என்று பார்த்தால் தெரிந்துவிடும். இப்போது எல்லாம் கம்ப்யூட்டர் ஏலம், கையெல்லாம் தூக்குவதில்லை. பழக்கத்தில் எழுதிவிட்டேன்.

மஞ்சூர் மழை

சார், கேட்கவே நன்றாக இருக்கிறது. ஆனால் ‘பணம் கட்டுகிறவனுக்கே நிஜம் தெரியும்’ என்பது இதன் சாரம் என்றால் 2016-ஐ என்ன செய்வீர்கள்? பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டுப் போகும் வாக்கெடுப்பு. அன்றும் இதே கதைதான். சீட்டு எண்ணிக்கையில் ‘போகலாம்’ அதிகம், பணத்தில் ‘இருக்கலாம்’ அதிகம். ஓட்டுப்பதிவு முடிந்த ராத்திரி ‘இருக்கலாம்’ ஜெயிக்க நூற்றுக்கு எண்பதுக்கு மேல் என்று ரேட் காட்டிக்கொண்டிருந்தது. விடிந்ததும் 51.9-க்கு 48.1, ‘போகலாம்’ ஜெயித்தது. சின்னச் சீட்டுக்காரன் சரி, பெரிய பணக்காரன் தப்பு. உங்கள் ஏலக்காரர் அன்றைக்குக் கையை எங்கே வைத்திருந்தார்?

குன்னூர் ஏலக்கூடம்

சட்டைப் பையில் வைத்திருந்திருக்க வேண்டும்! ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் காரணத்தை யோசித்தீர்களா? 2014-ல் கணிப்புகளும் பணமும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தன, அளவில்தான் வித்தியாசம். 2016-ல் கணிப்புகள் கிட்டத்தட்டச் சமமாக இருந்தன. பணம் மட்டும்தான் ‘எண்பது, எண்பத்தைந்து’ என்று குதித்தது. அந்தக் கூடுதல் தைரியம் எங்கிருந்து வந்தது? என் கணிப்பில் 2014-லிருந்துதான் வந்தது. “கடைசி நேரத்தில் ஜனங்கள் பயந்து இருப்பதையே பிடித்துக்கொள்வார்கள், ஸ்காட்லாந்தில் பார்த்தோமே” என்று ஒரு வாய்பாடு மனதில் ஏறிவிட்டது. அதோடு பெரிய பணம் கட்டிய ஆட்கள் பலர் லண்டனில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் தெருவில் எல்லோரும் ‘இருக்கலாம்’தான். நம் தெரு சொல்வது ஊர் சொல்வது ஆகாது. இங்கிலாந்தில் சண்டர்லேண்ட் நகரத்து முடிவு வந்து ‘போகலாம்’ 61 சதவீதம் என்றதும்தான் ரேட் திரும்பத் தொடங்கியது. நம் நேரத்துக்கு விடியற்காலை ஐந்து மணி இருக்கும்.

பனிக்கூடு

அப்படியென்றால் 2014-ல் சரியாகச் சொன்னதே 2016-ல் தப்பாகச் சொல்ல வைத்ததா! இதை நான் யோசிக்கவில்லை. சரி, கனடாவிலிருந்து பிரியலாமா என்று ஓட்டெடுத்த கியூபெக்?

ரன்னிமேடு

கியூபெக் 1995 பந்தயக்காரனுக்குக் கெட்ட கனவு. ‘வேண்டாம்’ 50.58, ‘ஆம்’ 49.42. வித்தியாசம் 54,288 ஓட்டு. செல்லாத ஓட்டு மட்டும் 86,000-க்கு மேல். ஓட்டுப் போட வந்தவர்கள் 93 சதவீதத்துக்கும் அதிகம். இதை எந்தக் கணிப்பு, எந்த ரேட் பிடிக்கும்? நாணயத்தைச் சுண்டலாம்.

லவ்டேல் டு கிளாஸ்கோ

இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன், எழுதலாமா என்று யோசனை. அந்த ஓட்டில் ஒன்று என்னுடையது.

2014-ல் கிளாஸ்கோவில் எம்.எஸ்ஸி. படித்துக்கொண்டிருந்தேன். அங்கே குடியிருக்கும் காமன்வெல்த் நாட்டுக் குடிமக்களுக்கு ஓட்டு உண்டு. மாணவர் விசாவில் இருந்த எனக்கும் அட்டை வந்தது. எடின்பரோவில் பிறந்து லண்டனில் வேலை பார்க்கும் ஆளுக்கு ஓட்டு இல்லை, லவ்டேலில் பிறந்த எனக்கு உண்டு. வீட்டுக்கு போன் செய்து சொன்னபோது அப்பா நம்பவில்லை. “அவங்க நாட்டைப் பிரிக்கிறதுக்கு உன்னை எதுக்குக் கேக்கறாங்க?” என்றார். 16 வயதுப் பிள்ளைகளுக்கும் அந்த முறை ஓட்டு இருந்தது. பக்கத்து வீட்டுப் பையன் பள்ளிச் சீருடையோடு வரிசையில் நின்றான்.

சீட்டில் ஒரே கேள்வி. ‘ஸ்காட்லாந்து சுதந்திர நாடாக இருக்க வேண்டுமா?’ ஆம், இல்லை. அவ்வளவுதான். முதலில் அரசு எழுதிய கேள்வி ‘ஒப்புக்கொள்கிறீர்களா?’ என்று தொடங்கியதாம். அப்படிக் கேட்டால் தலையாட்டத் தோன்றும் என்று தேர்தல் ஆணையம் அதை எடுக்கச் சொன்னது. கருத்துக்கணிப்பு பற்றிப் பேசும்போது இதையும் நினைத்துக்கொள்ளுங்கள், கேள்வியின் முதல் வார்த்தைக்கே ஒரு எடை இருக்கிறது.

நான் குடியிருந்த வீட்டுக்காரம்மாவுக்கு எழுபது வயது. தெருவே ‘ஆம்’ என்று நீல ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. கணிப்புக்காரர் போன் செய்தபோது நான் பக்கத்தில்தான் இருந்தேன், “இன்னும் யோசிச்சுக்கிட்டிருக்கேன்” என்றார். போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். தபால் ஓட்டை முந்தின வாரமே ‘இல்லை’ என்று போட்டு அனுப்பியாச்சு. ஓய்வூதியம் எந்தப் பணத்தில் வரும், பவுண்டு இருக்குமா இருக்காதா என்பதுதான் அவருடைய பயம். தெருவில் யாரோடும் வாதாடப் பிடிக்காமல் வாயை மூடிக்கொண்டார். ஏலக்கூடம் சார் சொன்ன அந்த மிச்ச எட்டுப் பேரில் இவரைப் போல எத்தனை பேரோ.

இப்போது என் ரகசியம். ஓட்டு ‘ஆம்’ என்று போட்டேன். கூடப் படித்தவர்கள் எல்லோரும் அந்தப் பக்கம், காற்றே அப்படி. போட்டுவிட்டு வரும் வழியில் பந்தயக் கடை இருந்தது, அங்கே அது நம் ஊர் பெட்டிக்கடை மாதிரி, தெருவுக்கு ஒன்று. உள்ளே போய்ப் பத்து பவுண்டு ‘இல்லை’ மேல் கட்டினேன். வீட்டுக்காரம்மாவின் கண்ணடிப்பை நான் பார்த்திருந்தேன் அல்லவா. லாபம் இரண்டரை பவுண்டு. கிளாஸ்கோ ‘ஆம்’ என்றது, 53.5 சதவீதம். மொத்தம் 32 பகுதிகளில் நாலுதான் அப்படிச் சொன்னவை. மறுநாள் காலை நகரமே துக்க வீடு மாதிரி இருந்தது. அந்த இரண்டரை பவுண்டில் ஒரு சமோசாவும் டீயும் வாங்கினேன். தொண்டையில் இறங்கவில்லை என்று எழுத ஆசைதான். நன்றாகவே இறங்கியது, பசி.

மஞ்சூர் மழை

அக்கா, இதை நீங்கள் முதலிலேயே எழுதியிருந்தால் நாங்கள் இவ்வளவு சண்டை போட்டிருக்க மாட்டோம். உங்களிடம் ‘நீ என்ன போடுவாய்?’ என்று கேட்டால் ஒரு பதில், ‘யார் ஜெயிப்பார்?’ என்று கேட்டால் வேறு பதில். இரண்டுமே நிஜம்.

சீசன் பார்ட்டி

இந்த மாதிரி அரசியல் பந்தயம் நம்ம ஊர்ல கட்ட ஆப் ஏதாவது இருக்கா? லிங்க் ப்ளீஸ்.

ரன்னிமேடு

இல்லை, கேட்காதீர்கள். ஆன்லைன் சூதாட்டத்துக்குத் தமிழ்நாட்டில் 2022-ஆம் வருடச் சட்டம் இருக்கிறது. பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளுக்கு மத்திய அரசும் 2025-ல் தடை கொண்டுவந்துவிட்டது.

பழைய ரேஸ்காரர்

நான் ஊட்டி ரேஸ் கோர்ஸில் முப்பது சீசன் பார்த்தவன். ஏலக்கூடம் தம்பி எழுதிய ரேட் கணக்கு எனக்குப் பள்ளிக்கூடத்தில் வரவில்லை, அங்கே இரும்பு வேலி ஓரத்தில் வந்தது. தமிழ்நாட்டில் 1974-லேயே குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் போட்டார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1996-ல் ‘இது திறமை, சூது அல்ல’ என்று தீர்ப்பு. 2024-ல் குத்தகை பாக்கிக்காக அரசு அந்த இடத்தையே எடுத்துக்கொண்டது. இந்தக் கதைக்கு அது தேவையில்லை, மனசு கேட்கவில்லை.

சொல்ல வந்தது இது. குதிரைக்கு, தன் மேல் யார் எவ்வளவு கட்டினார்கள் என்று தெரியாது. ஓட்டுப் போடுகிற ஆளுக்குத் தெரியும். ‘வேண்டாம் நிச்சயம்’ என்று ரேட் சொன்னால், ‘வேண்டாம்’ ஆள் மழையில் வரிசையில் நிற்காமல் வீட்டிலேயே இருந்துவிடலாம். அதனால் குதிரைக் கணக்கு இங்கே அப்படியே ஒட்டாது.

லவ்டேல் டு கிளாஸ்கோ

ஐயா, அன்று யாரும் வீட்டில் இருக்கவில்லை. 84.6 சதவீதம் பேர் வந்தார்கள். ஆனால் நீங்கள் சொல்வது எனக்குப் பிடித்திருக்கிறது.

நடுவட்டம் லயம்

எல்லோரும் யார் ஜெயிப்பார் என்று பேசுகிறீர்கள். அக்கா எழுதியதில் எனக்கு ஒட்டிக்கொண்டது அவர் அப்பா கேட்ட கேள்வி. ‘உன்னை எதுக்குக் கேக்கறாங்க?’

என் பாட்டி இலங்கையில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். அவர் அம்மாவும் அங்கேயே பிறந்தவர். 1964-ல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் தோட்டத் தமிழர்களைப் பிரித்துக்கொள்ளக் கையெழுத்துப் போட்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் அங்கே, மீதி 1,50,000 பேரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். எண்ணைப் பிரித்துக்கொண்ட பிறகுதான் லயத்துக்கு, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, விண்ணப்பப் படிவம் வந்தது. தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் பெயர் பதிந்து, அங்கிருந்து இந்த மலைக்கு. அரசு தேயிலைத் தோட்டத்தில் வேலை. குளிர் ஒன்றுதான் பழகியதாக இருந்தது என்பார். இங்கே வந்தும் ‘சிலோன்காரங்க’ என்ற பெயர் போகவில்லை.

ஒரு வருடம் படிக்கப் போன பெண்ணிடம் ஒரு நாடு ‘நீ என்ன நினைக்கிறாய்?’ என்று கேட்டிருக்கிறது. மூன்று தலைமுறை கொழுந்து பறித்தவர்களிடம் இரண்டு நாடும் அப்படிக் கேட்கவில்லை. குறை சொல்ல எழுதவில்லை அக்கா, உங்களுக்குக் கிடைத்தது நியாயம்தான்.

லவ்டேல் டு கிளாஸ்கோ

குறையாக எடுத்துக்கொள்ளவில்லை தம்பி. அந்தச் சீட்டை மடித்துப் போடும்போது எனக்கே கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது. பாட்டி இருக்கிறார்களா?

நடுவட்டம் லயம்

இருக்கிறார். எண்பத்தாறு. ஸ்காட்லாந்து எது என்று கேட்டார். தோட்டத்தில் பழைய துரை ஒருவர் அந்த ஊர்க்காரர் என்று கேள்விப்பட்டிருக்கிறாராம்.

பனிக்கூடு

கேட்டது, கேட்காதது என்று வந்துவிட்டதால் ஒன்று. புதுச்சேரி இந்தியாவோடு சேர்வது பற்றி 1954 அக்டோபர் 18-ல் கீழூரில் நடந்த வாக்கெடுப்பில் ஓட்டுப் போட்டவர்கள் 178 பேர்தான், எல்லாம் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்கள். 170 பேர் சேர வேண்டும் என்றார்கள், 8 பேர் வேண்டாம் என்றார்கள். பொதுஜனம் வெளியே நின்றது.

பழைய ரேஸ்காரர்

178 பேர் என்றால் பந்தயம் வாங்குகிற புக்கி வீடு வீடாகப் போய்க் கேட்டுவிட்டே ரேட் போடலாம்.

கட்டபெட்டுக்காரன்

இன்று கடையில் சித்தப்பாவுக்கு எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். ஒன்பது லட்சம் பவுண்டு ஆளைக் கேட்டதும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். பேடி பவர் விஷயத்தில் மட்டும் அவருக்குத் திருப்தியில்லை. “அது வேற நாடு” என்கிறார். லயம் தம்பி எழுதியதைப் படித்தபோது ஒன்றும் பேசவில்லை. அவரும் ஒரு காலத்தில் ‘சிலோன்காரங்க’ என்று சொன்னவர்தான்.

பணம் முன்பே கொடுத்தது உண்மை, அதில் அவர் சரி. பேசி வைத்தது என்பதற்கு ஆதாரமில்லை, அதில் அவர் தப்பு. ஆகவே கால் கிலோ என்றேன். பந்தயம் முதல் கேள்விக்குத்தான், இரண்டாவது கேள்வி நீயாகச் சேர்த்தது என்றார். கடைக்காரரும் அவர் பக்கமே பேசினார், அரைக் கிலோ விற்கும் அல்லவா. வாங்கிக் கொடுத்தேன். டீயில் ஒன்றைத் தோய்த்து வாயில் போட்டுவிட்டு, “கொஞ்சம் நமத்துப் போயிருக்குடா” என்கிறார்.